வெள்ளத்தில் முங்கிய ஏ.சி. அவுட்டோர்: ரிப்பேர் முதல் இன்சூரன்ஸ் வரை

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு கேப்டன் காட்டன் கால்வாய் பக்கம்தான். அது நிரம்பினால் எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அரிசி மூட்டையும் ஃபைல்களும் முன்பே பரணுக்குப் போய்விட்டன. சந்தில் செங்கல் மேடையில் இருந்த ஏ.சி. அவுட்டோரை, அதாவது வெளியே வைக்கும் பெட்டியை, எங்கே தூக்குவது? முக்கால்வாசி முங்கிவிட்டது.

தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் ஆளாளுக்குச் சொன்னது, "ஒரு தடவை போட்டுப் பாருங்க." அதை மட்டும் செய்யவே கூடாது. கரண்ட் இல்லாதபோதே ஏ.சி.க்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, ஸ்டெபிலைசர் பிளக்கையும் பிடுங்கி வைத்திருந்தோம். ஈரமான போர்டில் கரண்ட் பாய்ந்தால், காயவைத்தால் பிழைக்கக்கூடியதும் அந்த நொடியில் புகைந்துவிடும்.

முதலில் வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "கேஸெல்லாம் போயிருக்கும்க்கா, ஃபுல்லா சார்ஜ் பண்ணணும்" என்றார். கேஸ் ஓடும் குழாய், காயில், கம்ப்ரசர் எல்லாம் அடைத்து மூடிய ஒரே சுற்று. குழாய் எங்காவது உடைந்தால் ஒழிய வெள்ளத்துக்குக் கேஸ் போகாது. "சரி தம்பி, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்த வாரம் மெக்கானிக்குகளுக்கு இருந்த கிராக்கியில், பார்க்காமலே விலை சொன்னவர்கள்தான் அதிகம்.

அடுத்து வந்தவர் பெரம்பூரில் கடை வைத்திருப்பவர். நிதானமான ஆள். நாள் கணக்கில் ஆஃப் ஆகிக் கிடந்த மெஷினிலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். இன்வெர்ட்டர் போர்டின் பெரிய கப்பாசிட்டர்களை நம்பக் கூடாதாம், ஆஃப் செய்த பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கலாம். உள்ளே சாக்கடைச் சேறு, ஒரு ஷாம்பு பாக்கெட், செத்த கரப்பான். காயிலின் தகடுகளுக்கு நடுவே சேறு சிமெண்ட் பூசினாற்போல இறுகியிருந்தது. பிரஷர் பம்ப் வேண்டாம், அலுமினியம் மடங்கிவிடும் என்று சொல்லி, போர்டைக் கழற்றிய பிறகு சாதாரண ஹோஸில் உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பொறுமையாகக் கழுவினார். நன்றாகக் காய்ந்ததும், கம்ப்ரசர் முனைக்கும் பாடிக்கும் நடுவே கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்தார். கம்ப்ரசர் தப்பித்தது. போர்டில் பச்சை பூத்திருந்தது, ஃபேன் மோட்டார் கரகரவென்றது. அவை இரண்டும்தான் போச்சு. பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டினார், கேஸ் அப்படியே இருந்தது.

வாரண்டி இயற்கைச் சீற்றத்துக்குப் பொருந்தாது என்று கம்பெனியில் போனிலேயே சொல்லிவிட்டார்கள். கைகொடுத்தது வீட்டு இன்சூரன்ஸ்தான். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம். சுவரில் மாட்டிய மின்சாதனமும் வீட்டுப் பொருள் கணக்கில் சேரும். ஆனால் வீட்டுக் கடனோடு எடுத்த பாலிசி கட்டடத்துக்கு மட்டும் என்றும் இருக்கலாம், ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுங்கள். சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸிலிருந்து வந்த சர்வேயர் கேட்டவை: தண்ணீர் நிற்கும்போது எடுத்த போட்டோ, வாங்கிய பில், என்ன பழுது, எதனால் என்று மெக்கானிக் எழுதித் தந்த லெட்டர், அப்புறம் பழைய போர்டு. காயலான் கடைக்காரர் கேட்டும் நான் அதைக் கொடுக்கவில்லை. சர்வேயர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பணம் பிடித்தம் போகத்தான் வந்தது. துண்டு விழுந்ததை, ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து வாங்கிய 6,000 ரூபாய் வெள்ள நிவாரணத்தில் சரிக்கட்டினேன். அது ஏ.சி.க்கு வந்த பணமா என்று மாமியார் இன்னும் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

போர்டும் மோட்டாரும் மாற்றி ஓடவிட்ட பிறகு, அவுட்டோரைச் சுவரில் ஏற்றச் சொன்னேன். ஆலன் கீயால் ஒரு வால்வை மூடி, கம்ப்ரசரை ஓட்டி, கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள்ளேயே இழுத்து, அடுத்த வால்வையும் மூடினார். பம்ப் டவுன் என்பது இதுதான். இதைச் செய்யாமல் குழாயைக் கழற்றினால் கேஸ் காற்றோடு போய்விடும். தலைக்கு மேலே ஆங்கிள் அடித்து மாட்டி, குழாய்க்குள் இருந்த காற்றை வேக்கம் பம்ப் போட்டு இழுத்து, வால்வுகளைத் திறந்து கேஸை விட்டு, நட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். குமிழ் வரவில்லை. இண்டோருக்குக் கிட்டே வந்துவிட்டதால் காப்பர் பைப்பும் கொஞ்சம் மிச்சம். கடல் காற்றுக்கு ஆங்கிள் துருப்பிடிக்கும் என்று பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம். ஏணி போட வேண்டியிருப்பதால் சர்வீசுக்கு வரும்போது கொஞ்சம் கூடக் கேட்கிறார். கொடுத்துவிடுகிறேன்.