ஞாயிறு திரும்பும் வண்டி

அக்டோபர் 3, 2025, வெள்ளி

தம்பி படிக்கப் போயிருக்கும் கைசர்ஸ்லௌட்டர்னில் இன்று விடுமுறை. இரண்டு ஜெர்மனிகளும் 1990-இல் ஒன்றான நாள். கடைகள் பூட்டு. ரொட்டியும் முட்டையும் பாலும் தம்பி நேற்றே வாங்கிவிட்டான், நல்லவேளை. அரசு விடுமுறையும் ஞாயிறும் அந்த ஊரில் ஒன்றுதான். ரயில் நிலையத்துக் கடை, பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடை, இவ்வளவே திறந்திருக்கும். அங்கே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கும் காசுக்கு சூப்பர் மார்க்கெட்டில் நாலு வாங்கலாம். குழாய்த் தண்ணீரே குடிக்க நல்லது என்று எத்தனை தடவை சொன்னாலும் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

அக்டோபர் 4, சனி

ஹைடல்பெர்க் போகிறான். கைசர்ஸ்லௌட்டர்னிலிருந்து எஸ்-பான் என்ற புறநகர் ரயில் நேராகப் போகும். எல்லா நிலையத்திலும் நின்று நின்று போகும், ஆனால் வண்டி மாற வேண்டாம். வேகவண்டியில் போய் மன்ஹைமில் மாறினால் கொஞ்சம் நேரம் மிச்சம், மாறுகிற இடத்தில் ஐந்து நிமிஷம் தாமதமானால் அந்த மிச்சமும் போச்சு. புதிதாகப் போனவனுக்கு நின்று நின்று போகும் வண்டியே உத்தமம்.

முக்கியமானது இறங்கும் இடம். ஹைடல்பெர்க் பெரிய நிலையம் பழைய ஊரிலிருந்து ரொம்பத் தள்ளி. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே வண்டி ஆல்ட்ஷ்டாட் (பழைய ஊர்) நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து கோட்டை பக்கம். நம் ஊரிலிருந்து வரும் எஸ்1, எஸ்2 இரண்டும் அந்தப் பக்கம். எஸ்3 கார்ல்ஸ்ரூ பக்கம் திரும்பிவிடும்.

கோட்டைச் சீட்டில் மலை ரயிலும் சேர்த்தி. 1751-இல் செய்த, இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒயின் பீப்பாயும் அதே சீட்டில். காசு கொடுக்க மனமில்லையென்றால் படியேறிப் போய்த் தோட்டத்தில் நிற்கலாம், அதற்குச் சீட்டு கிடையாது. கோட்டை முழுசாகத் தெரிவது உள்ளே நிற்கும்போது அல்ல, ஆற்றுக்கு அக்கரையில் தத்துவவாதிகள் பாதையில் நின்றால்தான். பழைய பாலம் தாண்டியதும் செங்குத்தான படிவழி. மழை பெய்தால் வழுக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மன்ஹைமில் பிளாட்பாரம் மாற்றினார்களாம். அறிவிப்பு ஜெர்மனில் மட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

அப்பாவின் இரத்த அறிக்கை நாளைக்கு.

பயணச்சீட்டுக் கணக்கை எழுதி வைக்கிறேன், அத்தை மகனும் அடுத்த வருஷம் போகிறான். நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு இந்த 2025-இல் 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்து வரும் பல்கலைக்கழகம் என்றால் இந்த செமஸ்டருக்கு மாதம் 34.80. தனியாக எடுப்பது சந்தா, தானாகவே நீளும். அடுத்த மாதம் வேண்டாமென்றால் இந்த மாதம் 10-க்குள் நிறுத்த வேண்டும். 11-ஆம் தேதி ஞாபகம் வந்து பலனில்லை.

ஊர் பஸ், ட்ராம், எஸ்-பான், ஆர்பி, ஆர்இ என்ற வட்டார ரயில்கள் எல்லாவற்றுக்கும் செல்லும். ஐசி, ஐசிஇ என்ற நெடுந்தூர வெள்ளை வண்டிகளுக்குச் செல்லாது. சீட்டு போனில் இருக்கிறது, அதனால் போன் செத்தால் சீட்டும் செத்தது. பரிசோதகர் வந்தால் 60 யூரோ. பெயர் போட்ட சீட்டு என்பதால் பிறகு காட்டிப் பொதுவாக 7 யூரோவாகக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கும் கடிதம், அலைச்சல். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்க மாட்டார்கள். பவர் பேங்கை ஜாக்கெட் பையில் வைக்கணும், முதுகுப்பைக்கு அடியில் அல்ல.

அக்டோபர் 12, ஞாயிறு

மாமா போன் செய்தார். "எல்லையில கைரேகை எடுக்கானாமே, பயலுக்கு எடுத்தாச்சா?" இன்றுதான் அந்தப் புதிய முறை ஆரம்பம். குறுகிய காலத்துக்கு வருகிறவர்களுக்கு அது. நீண்டகால விசாவோ குடியிருப்பு அட்டையோ உள்ளவர்களுக்குக் கிடையாது. மாமாவுக்கு இது ஏமாற்றம் மாதிரி பட்டது.

அட்டை இன்னும் வரவில்லை. பெர்லினில் அச்சடித்து வரணும்.

அக்டோபர் 19, ஞாயிறு

விடாத மழை. ரப்பர் வெட்டு இல்லை. கரண்ட் இரண்டு தடவை போனது. நாளைக்குத் தீபாவளி, முறுக்கு மட்டும் போட்டோம்.

அவன் எங்கேயும் போகவில்லை. நல்லது.

அக்டோபர் 24, வெள்ளி

நாளை லக்சம்பர்க், ஞாயிறு ட்ரியர். இதில் எனக்குச் சம்மதம். விசா நவம்பர் 14 வரை இருக்கிறது, எல்லை தாண்டுவதென்றால் இப்போதுதான். பாஸ்போர்ட் அசல் கையில் வேண்டும், நகல் உதவாது. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை போடுகிறது. போகும்போது யாரும் கேட்பதில்லை, திரும்பும்போது போலீஸ் ஏறினாலும் ஏறும்.

லக்சம்பர்கில் 2020-லிருந்து பஸ், ட்ராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் இலவசம், வெளியூர்க்காரனுக்கும். எல்லை வரை மாதச் சீட்டு, அப்பால் ஒன்றும் வேண்டாம். ஆனால் தங்குவதற்கு லக்சம்பர்க் கொள்ளை விலை. பகலில் அங்கே சுற்றிவிட்டு இரவுக்கு ட்ரியர் வந்துவிட வேண்டும்.

பொதியில்: எலுமிச்சைச் சோறு ஒரு டப்பா (இந்தக் குளிருக்கு ராத்திரி வரை தாங்கும்), ஏத்தங்காய் சிப்ஸ், பூட்டு, காதடைப்பான், துண்டு. ஹாஸ்டலில் துண்டுக்குத் தனிக் காசு. விரிப்பை நாமே போட்டு நாமே உருவிக் கொடுக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டை இருந்தால் மியூசியத்தில் சலுகை, கேட்டால்தான் தருவார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று அதிகாலை அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளினார்கள். மூன்று மணி இரண்டானது. நமக்கும் அவனுக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்தது நாலரை ஆகிவிட்டது. அம்மாவுக்குப் பழைய கணக்கே இப்போதுதான் மனப்பாடம் ஆகியிருந்தது. போன் தானாக மாறிக்கொள்ளும், அவன் அறைச் சுவர்க் கடிகாரம் மாறாது. இன்றிலிருந்து ஐந்தேகால் வாக்கில் சூரியன் அடைந்துவிடும் என்பதைத்தான் பயணத்தில் கணக்கில் எடுக்கணும். பார்க்க வேண்டியதை நாலரைக்குள் பார்த்து முடி, அப்புறம் நிலையத்துக்கு நட.

ட்ரியரில் கார்ல் மார்க்ஸ் 1818-இல் பிறந்த வீடு. உள்ளே மியூசியம், திங்கள் விடுமுறை. அவர் படம் போட்ட பூஜ்ய யூரோ நோட்டு விற்கிறார்கள், அதற்கு நிஜக் காசு கொடுக்கணும். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டியில் பாதி ஆயுள் கழித்த அப்பா இதைக் கேட்டு வெகு நேரம் சிரித்தார். பிறகு இருமல்.

போர்ட்டா நிக்ரா என்ற ரோமானியர் கல்வாசல் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வெளியே நின்று பார்க்கக் காசில்லை.

"திரும்புற வண்டி எது?" என்றேன். "கடைசி வண்டி இருக்குல்லா அக்கா" என்கிறான்.

அதுதான் வேண்டாம். கடைசி வண்டிக்கு முந்தின வண்டிதான் நம் வண்டி. கடைசி வண்டி இருப்பது முந்தினது ஓடாமல் போனால் ஏறுவதற்கு. சனிக்கிழமை எங்கே போவது என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஞாயிறு திரும்பும் வண்டியைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து பின்னால் வர வேண்டும். ஏழு மணி வண்டி என்றால் ஆறரைக்கு நிலையத்தில் இருக்கணும், ஐந்தரைக்குச் சாப்பிடணும், நாலரைக்கு மியூசியத்தை விட்டு வெளியேறணும். ஊர் சுற்ற மீதியிருப்பது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். மூன்று மணி நேரம்தான் மிச்சம் என்றால் அந்த ஊர் அந்த வாரத்துக்கு இல்லை.

நவம்பர் 1, சனி

இங்கேயும் விடுமுறை, அங்கேயும். நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு 1956-இல் சேர்ந்த நாள். அவன் இருக்கும் மாநிலத்தில் புனிதர் எல்லாரின் திருநாள். சனியும் ஞாயிறும் சேர்ந்து கடை கிடையாது. ரொட்டி தீர்ந்துவிட்டது. நேற்று ராத்திரி வாங்கியிருக்க வேண்டும். அவல் இருக்கிறதாம், சாப்பிடட்டும்.

நவம்பர் 8, சனி

ஷ்பையர். பேராலயம் ஆயிரம் வருஷப் பழசு, உள்ளே போகக் கட்டணமில்லை, நிலவறைக் கல்லறைக்கு உண்டு. அரை நாள் ஊர். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு கிரியாட்டினின் (சிறுநீரகக் கணக்கு) கூடியிருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

விசா இன்றோடு முடிகிறது. அட்டை வரவில்லை. விண்ணப்பம் நேரத்தோடு போட்டிருந்ததால் வெளிநாட்டினர் அலுவலகம் ஒரு தற்காலிகத் தாள் கொடுத்திருக்கிறது. ஜெர்மனிக்குள் அது போதும், படிக்கலாம், சுற்றலாம். அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்டுவது, அதே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காமல், கூடவே கூடாது. "பக்கத்து நாடுதானே" என்று கூட்டுக்காரர்கள் சொல்வார்கள். அவர்களிடம் அட்டை இருக்கிறது.

நவம்பர் 15, சனி

கோப்லென்ஸ் போயிருக்கிறான். ரைனும் மோசலும் கலக்கிற முனை, முனையில் குதிரை மேல் ராஜா. முக்கடலையும் பார்த்து வளர்ந்த பயலுக்கு இரண்டு ஆறு சேர்வது பெரிதாகத் தெரியாது என்று நினைத்தேன். "தண்ணி ரெண்டு நெறமா இருக்கு அக்கா" என்று வீடியோ அனுப்பினான். எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்தது.

போனது பிங்கன் வழி. வடக்கே போகும்போது வலது ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆறும் கோட்டைகளும் லோரெலைப் பாறையும் அந்தப் பக்கம்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலிருந்து இதே யோசனை.

கோப்லென்ஸிலிருந்து திரும்ப இரண்டு வழி. வந்த வழியே பிங்கன் போய் மாறி வருவது ஒன்று. மோசல் ஓரமாக ட்ரியர், சார்புருக்கன் சுற்றிக்கொண்டு, மாறாமல், தூங்கிக்கொண்டே வருவது இன்னொன்று. அவனுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஐந்து மணிக்கே இருட்டில் மோசல் என்ன, வள்ளியாறு என்ன, ஒன்றும் தெரியப்போவதில்லை. அதைவிட, அந்த வண்டி ட்ரியரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி சார்புருக்கன் பக்கம், மறு பாதி லக்சம்பர்க். கோப்லென்ஸிலிருந்து ட்ரியர் வரை இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வண்டியாக வரும், உள்ளே ஒன்றிலிருந்து மற்றதுக்கு நடந்து போக முடியாது. தூங்கிவிட்டால், தப்பான பாதியில் இருந்தால், கண் விழிக்கும்போது வேறு நாடு. கையில் அந்தத் தாள்.

அடையாளம் இப்படி. மாடி உள்ள பெட்டிகள் லக்சம்பர்க் பாதி. மாடியில்லாதது நம்முடையது. ஏறும்போது கதவுப் பக்கத்துப் பலகையில் கடைசி ஊர் பெயரைப் படிக்கணும். உள்ளே திரையில் மறுபடி படிக்கணும். பிளாட்பாரத்துப் பலகையில் ஏ, பி, சி என்று பகுதி எழுத்து போட்டு எந்தப் பாதி எங்கே நிற்கும் என்று காட்டுவார்கள், ஆனால் வண்டி திருப்பிப் போட்டு வந்தால் அதுவும் மாறும். ட்ரியருக்குப் பத்து நிமிஷம் முன்னால் அலாரம். இன்னொன்று, ட்ரியர் தாண்டுகிற எல்லா வண்டியும் கைசர்ஸ்லௌட்டர்ன் வரை வராது, சில சார்புருக்கனோடு சரி.

இரவு 10.50, இங்கே. ஏறிவிட்டான். "மாடி இருக்காடே?" "இல்லக்கா." "போட்டோ அனுப்பு மக்கா." அனுப்பினான். மாடி இல்லை. திரையில் ஊர் பெயர் சரி.

11.40. நடுவழியில் நிற்கிறது. காரணம் சொல்லவில்லையாம்.

அம்மா: "எங்க நிக்கான்?" வண்டியில்தான் நிற்கிறான் அம்மா.

12.30. நகர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் மாதச் சீட்டுக்காரனுக்கு ஈடு 1.50 யூரோ. நாலு யூரோவுக்குக் குறைந்தால் பணம் வராது, அதனால் இப்படி மூன்று தாமதம் சேர்த்து வைத்துத்தான் விண்ணப்பிக்கணும். ஐசிஇ மாதிரி வேகவண்டிக்குக் காசு கட்டி ஏறிவிட்டுத் திரும்பக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது, அந்த உரிமை மாதச் சீட்டுக்கு இல்லை. கடைசி வண்டியே ஓடாமல் நள்ளிரவுக்குள் ஊர் சேர வழியில்லையென்றால் டாக்ஸிக்கு 120 யூரோ வரை உண்டு, முதலில் ரயில்காரரிடம் கேட்டு, ரசீது வாங்கி வைத்தால்.

2.15. ட்ரியர். பிரிந்தது. சரியான பாதி.

நவம்பர் 17, திங்கள்

அறைக்கு வந்து சேர்ந்துவிட்டான். முந்தின வண்டியில் வந்ததால்தான் அந்தத் தாமதத்தையும் தாங்கியது. அவனுக்குச் சொல்லவில்லை, தெரிந்திருக்கும்.

அப்பாவை நாளை அட்மிட் செய்யச் சொல்கிறார்கள். அவனிடம் "செக்கப்" என்று மட்டும்.

நவம்பர் 20, வியாழன்

அட்டை?

நவம்பர் 23, ஞாயிறு

இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு அங்கே. கிறிஸ்துமஸ் சந்தை பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் திறக்கும். அவசரப்பட்டு இந்த வாரம் போனால் மூடிய குடில்களைப் பார்த்துவிட்டு வரலாம். போகவில்லை. நாளை கோட்டாறு சவேரியார் கோயில் கொடியேற்றம், வடசேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் எந்த வழி விடுவார்கள் என்று கேட்க வேண்டும்.

நவம்பர் 28, வெள்ளி, வார்டில்

அட்டை வந்துவிட்டது. போட்டோ அனுப்பினான். பெயர் எழுத்துகளைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரி. நம்மூர் அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்பதுதான் எப்போதும் பயம்.

நாளை மன்ஹைம் சந்தைக்குப் போகிறானாம். சந்தைக் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் தருவார்கள். நாலைந்து கடையில் ரொக்கம்தான் வாங்குவார்கள், இருபது யூரோ கையில் இருக்கட்டும். ஞாயிறு பாதையில் வேலை நடக்கிறது, ஒரு பகுதிக்கு மாற்று பஸ் என்று ஆப்பில் போட்டிருக்கிறது. மாற்று பஸ் பிளாட்பாரத்தில் நிற்காது. நிலையத்துக்கு வெளியே, எஸ்இவி என்று எழுதிய கம்பத்தடியில். ரயிலைவிட அரை மணியாவது கூடுதலாக எடுக்கும், அடுத்த வண்டி அதற்காகக் காத்திருக்காது. அதனால் ஐந்து மணி வண்டி. ஆறு மணி வண்டி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், கம்பம் எந்த வாசலில் இருக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைக்கச் சொல்லி