பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் ஆயில் லீக் தேடிய மூன்று வாரம்

முதல் தடவை பேனட்டைத் திறந்தபோது இன்ஜின் பளபளவென்று இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் வீட்டு ஷெட்டில் நின்ற வண்டி. 2011 மாடல், இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஜெர்மன் கார், மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, ஓடியது 46,000 கிலோமீட்டர்தான். மழையும் பனியும் சருகும் கொட்டுகிற இடத்தில் நிற்கும் வண்டியின் இன்ஜினில் பொட்டுத் தூசி இல்லை என்றால் முந்தின நாள்தான் யாரோ கழுவியிருக்க வேண்டும். உரிமையாளரிடம் நேராகவே கேட்டேன். "ஆமாங்க தம்பி, நீங்க பார்க்க வர்றீங்கன்னு டிரைவர்கிட்ட சொல்லி வாட்டர் வாஷ் பண்ண வச்சேன்" என்றார். எதையும் மறைக்கிற ஆள் இல்லை, விருந்தாளி வரும்போது வீட்டைப் பெருக்குவது மாதிரிதான் செய்திருக்கிறார். ஆனாலும் கழுவிய இன்ஜினில் கசிவைப் பார்க்க முடியாது, அன்று நான் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இப்படி ஒரு காருக்காக ஒன்பது வருஷம் சேர்த்த பணம் இது. வீட்டிலும் "மார்கழியில வண்டி எடுக்க வேண்டாம், தை பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள், அது எனக்கு நல்லதாகப் போனது. ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்து, இன்ஜினில் பெரிய வேலை இருந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அப்புறம் அவரிடம் இரண்டே விஷயம் கேட்டேன். இனிமேல் இன்ஜினைக் கழுவ வேண்டாம், தினமும் கொஞ்ச தூரமாவது ஓட்டுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் விரிக்க இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்து, முன் சக்கரம் எங்கே வர வேண்டும் என்று பேனாவால் கோடும் போட்டுவிட்டு வந்தேன். சொட்டு இன்ஜினின் எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்தது என்று தெரிந்தால்தான் அட்டை போட்டதற்குப் பலன்.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அட்டையில் ஐந்து தடம். இரண்டு வெறும் தண்ணீர் காய்ந்த தடம், பனியில் கண்ணாடி தெளிய ஏசி போட்டிருக்கிறார்கள், அந்தத் தண்ணீர். மற்ற மூன்றும் பழுப்புக் கறுப்பு. விரலில் தேய்த்தால் வழுவழுவென்று இருந்தது, எரிந்த எண்ணெய் வாசனை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்றால் பச்சையோ நீலமோ ஒரு நிறமும் லேசான இனிப்பு வாசனையும் இருக்கும், ஸ்டியரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். இது இன்ஜின் ஆயில்தான். ஒன்று முன்பக்கம் பெல்ட் ஓடும் இடத்துக்குக் கீழே, இரண்டு நடுவில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அட்டை சுத்தமாக இருந்தாலும் நம்பக் கூடாது. இந்த மாதிரி கார்களுக்கு அடியில் முழு நீளத்துக்கு பிளாஸ்டிக் தட்டு மூடியிருக்கும், ஒழுகும் ஆயில் அதிலேயே தேங்கி நிற்கும், தரைக்கு வரவே மாசக்கணக்கில் ஆகும். மூன்று சொட்டு வெளியே விழுகிறது என்றால் உள்ளே தட்டில் எவ்வளவு நிற்கிறதோ என்று அப்போதே வயிற்றைக் கலக்கியது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் அடியில் வெண்ணெய் மாதிரி வெளுத்த நுரை. இதைப் பார்த்தவுடன், கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பலர் ஓடிவிடுவார்கள். மலை மேல் குளிரில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் முழுசாகச் சூடாவதே இல்லை, உள்ளே வேர்த்த ஈரம் ஆவியாகாமல் மூடியில் இப்படித்தான் படியும். எது என்று பிரித்துப் பார்க்க, மூடியைத் துடைத்து மாட்டி, கூலன்ட் டப்பாவில் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டேன். அடுத்த இரண்டு வாரமும் அந்தக் கோட்டை விட்டு அது இறங்கவில்லை, நல்ல தூரம் ஓட்டிய பிறகு நுரையும் திரும்ப வரவில்லை.

அதே மூடியை வைத்தே இன்னொன்றும் பார்க்கலாம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையை வைத்தால் லேசாக உள்ளே இழுக்க வேண்டும். வெளியே ஊதினாலோ, விசில் சத்தத்தோடு பலமாக இழுத்தாலோ, இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் வால்வு சரியில்லை என்று அர்த்தம். அந்த வழி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை அடைத்து வைக்கும் ரப்பர் சீல் ஒவ்வொன்றின் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும், புது சீல் போட்டாலும் நிற்காது. இந்த வண்டியில் பை லேசாகத்தான் குழிந்தது. நிம்மதி.

அப்புறம்தான் மலைப்பாதை. ஏற்காட்டு ரோடு மாதிரி ஒரு சோதனைக்கூடம் வேறு எங்கும் கிடைக்காது என்று நான் உறுதியாகச் சொல்வேன். சேலம் பக்கம் இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவு. காலையில் ஏழு மணிக்கு, இன்ஜின் பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினேன். பக்கத்து சீட்டில் அவருடைய டிரைவர் அண்ணன், பின்னால் பைக்கில் என் மச்சான். மச்சானுக்கு ஒரே வேலை, சைலன்சரைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இரண்டாவது கியரிலேயே வைத்து, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இன்ஜின் பிடிமானத்திலேயே அடிவாரம் வரை இறங்கினேன். கால் எடுத்தபடி இறங்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் அதிகமாகும், வால்வு சீல் தேய்ந்திருந்தால் ஆயிலை மேலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், கீழே வந்து ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் பின்னால் நீலப் புகை குப்பென்று வரும். அடிவாரத்தில் நேர் ரோடு வந்ததும் அழுத்தினேன். மச்சான் பக்கத்தில் வந்து நிறுத்தி, "ஒண்ணுமே வரல மாமா" என்றான். ஸ்டார்ட் பண்ணும்போது வந்த வெள்ளைப் புகை வெறும் நீராவி, சூடானதும் நின்றுவிட்டது.

திரும்பி ஏறும்போது நிலைமை வேறு. ஏற்றத்தில் இன்ஜினும் டர்போவும் நன்றாகக் கொதிக்கும், ஆயில் தண்ணீர் போல இளகும், குளிரில் ஒட்டிக்கொண்டிருந்த கசிவெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஏரிக்கரையில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி, ஏசியை வெளிக்காற்று இழுக்கும்படி மாற்றி வைத்தேன். ஒரு நிமிஷத்தில் அந்த நெடி வந்தது. வடைச் சட்டியில் பழைய எண்ணெய் அதிகமாகக் காய்ந்தால் வருமே, அது. எங்கேயோ மேலிருந்து சூடான சைலன்சர் குழாயின் மேல் ஆயில் சொட்டுகிறது.

சரி, இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் இனி கேள்வி, பணம் முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

சேலத்தில் ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றினோம். தட்டில் அரை டம்ளருக்குக் குறையாமல் ஆயில். கியர்பாக்ஸ் சேரும் இடம் முழுக்க ஈரம். அங்கிருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்து ஐந்து நிமிஷத்தில், "பின்பக்க கிராங்க் சீல் போயிருச்சு, கியர்பாக்ஸ இறக்கணும், ஒன்றரை லட்சம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். அந்த சீல், இன்ஜினின் கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரியது. அன்று ராத்திரி இந்த வண்டியே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

காலையில் என் வெள்ளிப் பட்டறையில் ஒரு கொலுசில் விரிசல் தேடிக்கொண்டிருந்தபோது புத்திக்கு உறைத்தது. அழுக்கோடு இருக்கும் வெள்ளியில் விரிசலைத் தேட மாட்டோம், முதலில் கழுவித்தான் தேடுவோம். அந்த மெக்கானிக் இன்ஜினைக் கழுவாமலேயே சொல்லிவிட்டார். ஆயில் மேலிருந்து கீழே வழியும், ஓடும்போது காற்றில் பின்னால் பரவும். ஈரத்தின் கடைசி இடத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்.

கண்ணங்குறிச்சியில் வயதான மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். அவர் என்னிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு வண்டியையே தொடாமல், "மொதல்ல கழுவணுங்க, அப்புறம் சாயம் போடணும், நாலு நாள் ஓட்டிட்டு வாங்க" என்றார். இன்ஜின், கியர்பாக்ஸ், அடிப்பக்கம் எல்லாவற்றையும் டீகிரீசர் அடித்துக் கழுவிக் காயவைத்தார். ஆயிலுக்கென்று தனியாக வரும் ஒளிரும் சாயத்தை ஊற்றினார் (ஏசி கேஸுக்குப் போடும் சாயம் வேறு, அதை ஊற்றக் கூடாது). உரிமையாளர் சம்மதத்தோடு நாலு நாளில் குப்பனூர் வழியாக இரண்டு தடவையும் அடிவாரம் வழியாக மூன்று தடவையும் ஏறி இறங்கினோம். பட்டறை ஷட்டரை இறக்கி, இருட்டில் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு புற ஊதா விளக்கை அடித்தார். மஞ்சள் பச்சையாக ஒரு கோடு ஒளிர்ந்தது. அதன் தலை கிராங்க் சீலில் இல்லை. இன்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் பின் மூலையில், வண்டியின் முன் கண்ணாடிக்கு அடியில் கையே நுழையாத இடத்தில் தொடங்கி, இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் மூட்டில் வந்து நின்றிருந்தது. ஒரு கிளை சைலன்சர் பக்கம் போயிருந்தது, நெடிக்குக் காரணம் அதுதான். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களை உருவிப் பார்த்தால் ஆறு பிளக் குழிகளில் இரண்டில் ஆயில் நின்றது.

இன்னொரு கோடு முன்பக்கம், ஆயில் ஃபில்டர் பொருத்தும் அலுமினியக் கட்டையிலிருந்து. சாமான் விலை ரொம்பக் குறைவு, ஆனால் நான் அதிகம் பயந்தது இதற்குத்தான். அது நேராக பெல்ட்டின் மேல் சொட்டுகிறது. ஆயிலில் ஊறிய பெல்ட் நழுவி நார் நாராகப் பிய்ந்தால் முன் கிராங்க் சீல் வழியாக இன்ஜினுக்குள்ளேயே போய்விடும், அப்புறம் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். பெல்ட்டின் ஓரம் ஏற்கெனவே பனியன் வேஸ்ட்டில் துடைத்தால் கறுப்பாக ஒட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. மூன்றாவதாக, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் ஒரு ஓரம் லேசாக ஊறியிருந்தது, சொட்டவில்லை.

"46,000தானே ஓடியிருக்கு, எப்படிங்க அண்ணா இவ்வளவு?" என்று கேட்டேன். "ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாதுங்க, வருஷம்தான் தெரியும்" என்றார்.

டேப்பட் கவர் முழுசாக, கேஸ்கெட்டுகள், பெல்ட், பிளக், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 92,000 எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளையும் இருட்டில் எடுத்த போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். உரிமையாளர் ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்துவிட்டு 1,10,000 குறைத்துக்கொண்டார். ஒன்றரை லட்சத்துக்கான அந்த முதல் தீர்ப்பைக் காட்டி இன்னும் குறைத்திருக்கலாம்தான். அது பொய் என்று தெரிந்த பிறகு மனசு வரவில்லை.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம், இன்ஷூரன்ஸ் மாற்றம் எல்லாம் வழக்கம்போல் முடிந்தது. தை நாலாம் நாள் வண்டியைக் கீழே கொண்டுவந்து நேராகக் கண்ணங்குறிச்சியில் விட்டேன், ஆறு நாளில் வேலை முடிந்தது. 3,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, நெடி இல்லை, பெல்ட் காய்ந்து இருக்கிறது. இந்த இன்ஜினில் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது, சூடான பிறகு திரையில்தான் ஆயில் மட்டம் காட்டும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறேன், குறையவில்லை. சம்ப் ஓரம் மட்டும் இன்னும் ஊறுகிறது. அதை மாற்ற முன் ஆக்சில் சட்டத்தை இறக்க வேண்டும், நாலைந்து நாள் ஆகும். ஆடியில் கல்யாணம் இல்லை, கொலுசு ஆர்டரும் குறையும், அப்போது விடலாம் என்று மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.