முதலில் தேதியைக் கேளுங்கள்

எச்.ஐ.வி ஆலோசகர் பயிற்சியில் இன்று ஒரு ரோல் பிளே. வந்தவராக நடித்தவர், "பயமா இருக்கு மேடம், டெஸ்ட் எடுக்கணும்" என்றார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று தொடங்கினார் ஆலோசகர்.

தொற்று வர வாய்ப்புள்ள அந்தச் சம்பவம் "எப்போ நடந்தது?" என்ற கேள்வி கடைசி வரை வரவே இல்லை.

அந்தத் தேதியில்தான் எல்லாம் இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் என்றால் உடனே ஏ.ஆர்.டி மையத்துக்கு (எச்.ஐ.வி சிகிச்சை தரும் இடம்) அனுப்பி, தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரை தொடங்க வேண்டும். முதல் டோஸ் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் விடாமல். அவரிடம் போய் "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றால், தடுத்திருக்கக்கூடிய தொற்று உடம்பில் தங்கிவிடலாம்.

72 மணி நேரம் தாண்டிவிட்டதா? இன்றே ஒரு பரிசோதனை, 3 மாதத்தில் இன்னொன்று; தொற்று டெஸ்டில் தெரிய நாளாகலாம். இடையில் வரும் நெகட்டிவ்வை முடிவாக எடுத்துக்கொண்டு ஆணுறையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதையும் சொல்லியனுப்ப வேண்டும்.

ஆலோசகர் பார்த்துக் கேட்கும் மேசை அட்டையோ மொபைல் செயலியோ, இந்தக் கேள்வி முதல் வரியில் இருக்கட்டும். படிவம் வயது, தொழில், திருமணம் என்று தொடங்கினால் ஆலோசகரும் அப்படித்தான் தொடங்குவார்.

செயலி கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. முதல் டெஸ்ட் கிட்டில் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்ற அறிகுறி. அது இன்னும் பாசிட்டிவ் அல்ல. மூன்று வெவ்வேறு கிட்டிலும் ரியாக்டிவ் வந்தால்தான் உறுதி. அந்தக் காத்திருப்பில் எதிரே இருப்பவரிடம் என்ன பேசுவது? கூட வந்த அண்ணன் ரிசல்ட் கேட்டால், ஒருவரின் எச்.ஐ.வி நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்னும் 2017 சட்டத்தை மனதில் வைத்து எப்படி மறுப்பது?

இதை வாய்விட்டுப் பேசிப் பழகத்தான் பயிற்சியில் அதிக நேரம் வேண்டும்.