வியாசர்பாடியில் ஒரு நூலகச் சனிக்கிழமை

முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கிளை நூலகத்துக்குப் போகாதீர்கள், அன்று வார விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் திறக்க மாட்டார்கள். இது தெரியாமல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தாம்பரத்திலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி வியாசர்பாடி வந்து, பூட்டிய கிரில் கேட்டுக்கு முன்னால் நின்றேன். கோபத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரயிலுக்கு ஆனது இருபது ரூபாய்க்கும் கீழேதான், ஆனால் லீவு நாள் திரும்பக் கிடைக்குமா?

நல்லவேளை, ராத்திரி தங்க அங்கேயே தோழியின் வீடு இருந்தது. இல்லையென்றால் லாட்ஜுக்கு ஆயிரம் ரூபாய் போயிருக்கும். தோழியின் அப்பா பெரம்பூர்ப் பக்கம் இருந்த பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்தவர். 1996-இல் மில்லை மூடியதிலிருந்து அவருக்குக் காலை நேரம் என்றால் நூலகம்தான். "இன்னா கண்ணு, வெள்ளிக்கெழம வந்துக்கீறியே? நாளைக்குக் காலைல ரெடியா இரு, நானே இட்டுக்கினு போறேன்" என்றார்.

நான் இறங்கிய ஸ்டேஷனின் பெயர் வியாசர்பாடி ஜீவா. 'ஜனசக்தி', 'தாமரை' பத்திரிகைகளைத் தொடங்கிய கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தின் பெயர் அது. 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டையில் ஜெயித்தவர். மேடையில் கம்பனையும் பாரதியையும் மணிக்கணக்கில் பேசிய ஒரு மனிதரின் பெயரில் ரயில் நின்று போகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

நூலகம் இல்லாமல் போன வெள்ளிக்கிழமையை ஏழுகிணற்றில் கழித்தேன். வீராசாமி பிள்ளை தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பும்வரை அவருக்கு ஊர் இதுதான். கந்தகோட்டத்துக்கு நடந்து போய்ப் பாடியதும், திருவொற்றியூருக்குப் போய் வந்ததும் இங்கிருந்துதான். குறுகலான தெரு, இரண்டு பக்கமும் பைக், நடுவில் தண்ணீர்க் குடம். அதற்குள் இப்படி ஒரு வீடு. திருவருட்பா படித்த யாராக இருந்தாலும் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

அங்கிருந்து திரும்ப ஆட்டோ கேட்டேன். 250 ரூபாயாம். தூரம் நாலு கிலோமீட்டர். 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்குப்படி 52 ரூபாய்க்குள் முடிய வேண்டும். அந்தக் கட்டணம் பழசு, கேஸும் பெட்ரோலும் ஏறிவிட்டது, எல்லாம் நியாயம்தான். நூறு கேட்டிருந்தால் பேசாமல் ஏறியிருப்பேன். 250 என்பது கையில் பையோடு நிற்கும் வெளியூர்க்காரியின் முகத்தைப் பார்த்துச் சொன்ன விலை. மறுத்துவிட்டு மின்ட் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ் போர்டில் அந்த இடத்துக்குப் பெயர் வள்ளலார் நகர். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் கிடைத்தது, செலவு பூஜ்யம்.

மிச்சம் பிடித்த காசை அன்று சாயங்காலமே பாரிமுனையில் அத்தோவுக்குக் கொடுத்தேன். பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. வியாசர்பாடியிலும் அவர்கள் நிறையப் பேர் குடியேறினார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றினார்கள். பிளந்த அவித்த முட்டைக்குள் வறுத்த வெங்காயத்தைத் திணித்துத் தருவது தனி. ரோட்டோரம் நின்றபடி இரண்டு தட்டு சாப்பிட்டேன். இதைச் சாப்பிடாமல் வடசென்னை பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சனிக்கிழமை காலை நாங்கள் போவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பெரியவர்கள் காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, உடனே பேப்பர் மேசை. ஒரே தினசரியை ஷீட் ஷீட்டாகப் பிரித்து நாலு பேர் படிக்கிறார்கள். விளையாட்டுப் பக்கம் ஒருவர் கையில், தலையங்கம் இன்னொருவர் கையில், முடித்ததும் பேசாமல் மாற்றிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. படித்து முடித்த பிறகுதான் சண்டை, அதுவும் வாசல் டீக்கடையில்.

உள்ளே சுவரோரம் முழுக்கப் பிள்ளைகள். குரூப் 4-க்குப் படிப்பவர்கள்தான் பாதிக்கு மேல். அவரவர் புத்தகத்தை அவரவரே கொண்டுவருகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், சத்தமில்லாத ஆறு மணி நேரம். ஒரு பெண்ணிடம் பேசினேன். வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர், எப்போதும் டிவி ஓடும் என்றாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பா மேசைக்கு அடியில் இருந்தது. 2024 நவம்பரில் கொளத்தூரில், உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தரும் முதல்வர் படைப்பகம் திறந்தபோது 'இதெல்லாம் எதற்கு' என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு நாள் இந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம், அதை மறைக்கப் போவதில்லை. அந்த மண்ணின் எழுத்தாளர்களுக்கு அந்த நூலகத்தில் தனியாக ஒரு தட்டு கிடையாது. கரன் கார்க்கியும் பாக்கியம் சங்கரும் ஷாலின் மரிய லாரன்ஸும் இந்தத் தெருக்களைத்தான் எழுதினார்கள். ரவுடியும் கத்தியும்தான் வடசென்னை என்று பார்த்துப் பழகியவர்களுக்கு அவர்கள் எழுத்தில்தான் வேறு முகங்கள் தெரிகின்றன. 'கறுப்பர் நகரம்' இருக்கிறதா என்று கேட்டேன். நூலகர் அம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு காப்பிதான் இருக்கு. அது உள்ள நிக்கவே நிக்காதும்மா, போய்க்கிட்டே இருக்கும்" என்றார். அவ்வளவு பேர் கேட்கும் புத்தகத்துக்கு ஒரே ஒரு காப்பியா?

இது யாரோ போடும் தானமில்லை. 1948-இல் நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நூலக வரி கட்டுகிறோம், இன்றைக்குச் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. அந்தச் சட்டத்துக்காக உழைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே எழுதிவிட்டார், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று. வியாசர்பாடி வாசகருக்கு அவர் தெருவைப் பற்றிய புத்தகம் கிடைக்க வேண்டாமா?

தோழியின் அப்பாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் பழைய கதைக்குப் போனார். பெரம்பூரில் செல்வபதி செட்டியார் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் மில் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்கத்தான் கூடினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். "எங்க தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது கண்ணு. ஒருத்தர் பேப்பர் படிப்பார், பத்துப் பேர் சுத்தி உக்காந்து கேப்பாங்க. இப்ப நானே படிக்கிறேன்" என்றார். அவர் கையில் நேற்றைய பேப்பரின் நடு ஷீட் இருந்தது. வெள்ளிக்கிழமைப் பேப்பரை விடாமல் சனிக்கிழமை தேடிப் படித்துவிடுவாராம்.

எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று வரிசையாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அதைக் கீழே கேளுங்கள், சொல்கிறேன். இரண்டு நாளுக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு நானூறு ரூபாயைத் தாண்டவில்லை, அதில் பாதி அத்தோ.

கிளம்பும்போது தோழியின் உறுப்பினர் அட்டையில் திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளை எடுத்து வந்தேன். பைண்டிங் பிரிந்து நூலில் தொங்குகிறது, தேதிச் சீட்டில் இடமே இல்லாமல் முத்திரை மேல் முத்திரை. ரயில் தாம்பரம் வருவதற்குள் நாற்பது பக்கம் ஓடிவிட்டது. கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும். 'கறுப்பர் நகரம்' திரும்பி வந்தால் எடுத்து வைக்கிறேன் என்று நூலகர் அம்மா சொல்லியிருக்கிறார்.