கேள்வி முடியும் முன்பே வரும் தீர்ப்புகள்

திருநங்கையா, திருநம்பியா, இரண்டுமில்லையா என்று தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் போன் திரைமுன்தான். வீட்டில் கேட்க முடியாததை அங்கே கேட்கலாம். ஆனால் கேள்வி முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

ஒரு பக்கம், "இதெல்லாம் ஃபேஷன்", "சின்ன வயசிலேயே தெரிஞ்சிருக்கணுமே". இன்னொரு பக்கம், "சந்தேகம் வந்தாலே நீ அதுதான்". இரண்டாவது பரிவாகத் தெரியும், அதுவும் அவசரப்படுத்துவதுதான். ஐந்து வயதில் தெரிந்தவர்களும் உண்டு, நாற்பதில் தெரிந்தவர்களும் உண்டு, யோசித்துப் பார்த்து 'இல்லை' என்று முடிவுக்கு வந்தவர்களும் உண்டு.

திட்டும் வீடியோவைப் பதறிப்போய் முழுக்கப் பார்த்தாலும் செயலி அதை விருப்பமென்று எடுத்துக்கொண்டு, அதே மாதிரி இன்னும் நாலைக் கொண்டுவந்து போடும். பாதியிலேயே நிறுத்தி 'ஆர்வமில்லை' கொடுங்கள். பார்த்தவற்றின் பட்டியலிலிருந்தும் அழித்துவிடுங்கள். பதில் எழுதப் போகாதீர்கள், அதுவும் கணக்கில் சேரும். போட்டோ போட்டு "நான் எப்படித் தெரியறேன்?" என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அவர்கள் பார்ப்பது தாடையை, தோளை, மார்பை. உங்கள் கேள்வி அதுவல்ல.

தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 'நான் வந்தேன்' என்பதில் ஆண், பெண் இல்லை. 'வந்தான்', 'வந்தாள்' என்று மற்றவர் சொல்லும்போதுதான் சுருக்கென்று குத்தும். நம்பிக்கையான ஒரே ஒரு நண்பரிடம் இரண்டு வாரம் 'அவங்க வந்தாங்க' என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு, பிடித்த பெயரோடு 'வந்தான்' அல்லது 'வந்தாள்'. கேட்டதும் மனசு என்ன செய்தது என்று அன்றன்றே, போனைத் திறக்கும் முன், நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். ('டா' மட்டும் கணக்கில் வேண்டாம், அதை நாம் எல்லோரையும்தான் சொல்கிறோம்.)

யாரோ எழுதியதை நம்பிக் கருத்தடை மாத்திரையை ஹார்மோனாக விழுங்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன், ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். புகைப்பவருக்கு இன்னும் மோசம். மார்பை இறுக்க கிரேப் பேண்டேஜும் கூடாது. சரியாக மூச்சுவிட முடியாது, விலா எலும்பு நோகும்.

"டாக்டரிடம் போனால் மாற்றிவிடலாம்" என்று வீட்டார் ஏதாவது வீடியோவைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள்: அப்படி மாற்ற முயல்வதைத் தடை செய்ய வேண்டும் என்று 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பேசி முடித்ததும் கால் லிஸ்டிலிருந்து எண்ணை அழித்துவிடுங்கள்; நம் வீடுகளில் ஒரு போனை எத்தனை பேர் எடுப்பார்கள் என்று தெரியும்தானே.