ரெக்கவரி டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்: நாட்குறிப்பு

ஜூன் 3
விண்டோஸ் ஏறவில்லை. லோகோ, சுற்றும் புள்ளிகள், கருப்புத் திரை, மறுபடி லோகோ. விண்டோஸை மறுபடி போட உதவும் ரெக்கவரி டிஸ்க் வாங்கும்போதே தரவில்லை. பென்டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்து, ஹார்ட்டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலைப் பார்த்தேன். 197 என்ற எண் போட்ட வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (டிஸ்கின் சிறு துண்டுகள்): 16. கோளாறு விண்டோஸோடு நிற்கவில்லை.

ஜூன் 4
எஃப்11-ஐ அழுத்து, ரெக்கவரி பார்ட்டிஷன் (டிஸ்கிலேயே விண்டோஸை மீட்க ஒதுக்கிய பகுதி) பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். பார்த்துக்கொள்ளும்தான், சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டு! நான் சேர்த்துவைத்த புகைப்படங்கள் இருக்கும் இடத்தின் மேலேயே எழுதும். செக்டர் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்கில் அது பாதியில் நின்றால் விண்டோஸும் இல்லை, படங்களும் இல்லை. விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்கை ஓட்டுவதும் ஆபத்து. சரிசெய்கிறேன் என்று ஃபைல் அட்டவணையில் கைவைக்கும். நகல் எடுக்கும்வரை இந்த டிஸ்கில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது.

ஜூன் 5
197: 40.

ஜூன் 6
நகலுக்கு டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போகும் டிஸ்கை நகலெடுக்கும் லினக்ஸ் கருவி. சாதாரண காப்பி மோசமான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்க் அங்கேயே அரைபடும். இது முதல் சுற்றில் நல்ல பகுதிகளை அள்ளிவிட்டு, கெட்டதைப் பிறகு பார்க்கும். இரண்டு விஷயம் முக்கியம். நகல் போகும் டிஸ்க் அதே அளவோ பெரிதோ இருக்க வேண்டும். எதைப் படித்தாயிற்று, எது பாக்கி என்று அது குறித்துவைக்கும் மேப் ஃபைலை இந்த இரண்டிலும் இல்லாமல் வேறு பென்டிரைவில் வைக்க வேண்டும். அது இருந்தால்தான் நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது நகல் என்று சீரியல் நம்பரை வைத்து ஒப்பிட்டேன். மாறினால் எல்லாம் போச்சு.

ஜூன் 7
டிக் டிக் சத்தம். அணைத்து ஆறவிட்டிருக்கிறேன்.

ஜூன் 9
முதல் சுற்று முடிந்தது. பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்எஸ்டி மாட்டினேன். இரண்டும் மாட்டியிருந்தால் பூட் ஃபைல்களை இன்ஸ்டாலர் பழைய டிஸ்கிலேயே வைத்துவிடக்கூடும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் 11. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம்-ஐ ஆன் செய்ய வேண்டியிருந்தது. வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபி பென்டிரைவ் (அதில் இருப்பது அழிந்துவிடும்). பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். யுஇஎஃப்ஐ (பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக வந்த பூட் முறை) என்று தொடங்கும் வரியைத்தான் எடுக்க வேண்டும். விண்டோஸின் உரிம எண்ணான கீ கேட்கவே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்கும் பிராண்ட் கம்ப்யூட்டர்களில் கீ மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க் மாறினாலும் அது போகாது.

ஜூன் 10
நெட்வொர்க் டிரைவர் இல்லை. ஹோம் பதிப்பு இன்டர்நெட் இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு விடாது. போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் (போனின் இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தருவது) ஆன் செய்ததும் நகர்ந்தது. ஆக்டிவேஷன், அதாவது உரிமச் சரிபார்ப்பு, தானாக ஆனது.

197 மனதை விட்டுப் போகவில்லை.

ஜூன் 12
நகலிலிருந்து படங்களைத் திறந்து பார்க்கிறேன். பெரும்பாலும் முழுசு. 2014 ஃபோல்டரில் ஒரு படத்தில் பாதிக்கும் அதிகமாகச் சாம்பல் நிறப் பட்டை, கண்களுக்குக் கீழே எதுவும் இல்லை. மேப் ஃபைலில் இன்னும் படிக்காத 3 இடங்கள் மிச்சம். பழைய டிஸ்கை மறுபடி மாட்டி, பின்னிருந்து முன்னாகப் படிக்க ஓடவிட்டிருக்கிறேன். சில சமயம் எதிர்த் திசையில் கிடைக்கும்.

ஜூன் 13
2 இடங்கள்.