நரிவால் ஆர்க்கிட்: மூன்றாம் வருடத்தில் முதல் பூக்காம்பு

நேற்றுக் காலை தண்ணீர் தெளிக்கும்போதுதான் பார்த்தேன். கீழ் இலை ஒன்றின் இடுக்கில் அரிசி அளவுக்கு ஒரு பச்சை முளை. இன்னொரு வேர்தான் வருகிறது என்று நினைத்தேன். வேராக இருந்தால் நுனி வழவழவென்று உருண்டிருக்கும். இதில் செதில் செதிலாக மடிப்பு. சந்தேகமே இல்லை, பூக்காம்பு!

செடியின் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா. பூங்கொத்து நரியின் வால் போலத் தொங்கும் என்பதால் நரிவால் ஆர்க்கிட். அசாமில் பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் சூடுவது இதைத்தான். அங்கே கொபௌ பூ என்பார்கள், மாநில மலரும் அதுவே. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும்கூட மரக்கிளைகளில் தானாகவே வளர்கிறது. ரெட்டூசா என்ற பெயர் இலை நுனியைப் பார்த்து வைத்தது. கூராக முடியாமல், யாரோ கடித்துத் துப்பிய மாதிரி மொண்ணையாக இருக்கும்.

முதல் செடியைக் கொன்றது நான்தான். மண்தொட்டியில் தேங்காய் நாரை அமுக்கி அடைத்து, ரோஜாச் செடிக்கு ஊற்றுவது போல இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். போதாததற்கு ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் நனைய விட்டேன். நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் குருத்து அப்படியே கையோடு வந்தது, அழுகல் நாற்றத்துடன். ஒரே தண்டாக மேல்நோக்கி வளரும் செடி இது. குருத்து போனால் பெரும்பாலும் செடியும் போச்சு.

இரண்டாவது செடியை நர்சரியில் வாங்கினேன். காட்டில் பிடுங்கி வந்து விற்பதை வாங்கவே கூடாது. தப்பு என்பது ஒருபுறம், வேர் அறுந்த செடி தேறுவதும் கஷ்டம். இந்த முறை தொட்டியே வேண்டாம் என்று முடிவு. பட்டை உரிக்காத வேப்பங்கட்டை ஒன்றரை அடி, அதில் தூண்டில் நரம்பால் கட்டி, வேருக்கடியில் ஒரு கைப்பிடி நார் வைத்தேன். அந்த நாரை மூன்றே நாளில் அணில் கூடு கட்டக் கொண்டுபோய்விட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி போனது. சரி, நார் இல்லாமலே இருக்கட்டும் என்று விட்டேன். இப்போது யோசித்தால் அணில் செய்தது நல்லதுதான்.

ஆறு மாதம் ஓர் இலைகூட வரவில்லை. அப்புறம் பென்சில் பருமனில் வேர்கள் புறப்பட்டுப் பட்டையை இறுக்கிப் பிடித்தன. வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம், தண்ணீர் பட்ட அரை நிமிடத்தில் பச்சை. நிறத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன். கோடையில் தினம் இரண்டு முறை. மார்கழி, தையில் இரண்டு நாளைக்கு ஒரு முறை. மழைக்காலத்தில் தொடுவதே இல்லை. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதை விட்ட காலத்தில் வேர்நுனி கருகியது. மழைநீர் பிடித்து வைத்து ஊற்றிய பிறகு சரியானது. உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை.

இவ்வளவு செய்தும் பூக்கவில்லை. இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்தது. நானும் இரண்டு வருடம் அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். லேசான மஞ்சள் கலந்த பச்சைதான் சரியான நிறம். போன ஆவணியில் மாமரத்தடியிலிருந்து எடுத்து, 50 சதவீத நிழல் வலைக்குக் கீழே, காலை வெயில் படும் பக்கமாக மாட்டினேன். அவசரப்பட்டு ஒரே நாளில் மாற்றியதில் ஓர் இலையில் ரூபாய்க் காசு அளவுக்குக் கருகிப்போனது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நன்றாக வளர்ந்த செடியில் ஒரு கொத்தில் நூறு பூவுக்கு மேலும் வரும். வெள்ளையில் ஊதாப் புள்ளி, உதடு எனப்படும் முன்பக்க இதழ் மட்டும் முழு ஊதா, ஒவ்வொன்றும் சுமார் இரண்டு சென்டிமீட்டர். எனக்கு முதல் தடவை முப்பது வந்தாலே போதும். சித்திரையில் விரியும் என்று கணக்கு. கட்டையை இனி திருப்பப்போவதில்லை, காம்பு கோணிக்கொள்ளும்.

இன்று காலை அணில் மறுபடி வந்து கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு பழைய கொசுவலைத் துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.